அனுமதியில்லாத இடத்திலிருந்து அடித்த மணி

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைவிட அதிகக் காலம் காத்துக் கிடந்தவை மென்பொருள்கள்தான். ஒரு மென்பொருள் உள்ளே வந்தால் அது ஓடுமா என்று யாரும் கேட்பதில்லை. எங்கே உட்காரும் என்றுதான் கேட்பார்கள். அதைத் தீர்மானிக்க ஒரு குழு இருந்தது. மென்பொருள் இருப்பிட நிர்ணயக் குழு என்று பெயர். அதற்கென்று தனி அறை, நீள மேஜை, சுழல் நாற்காலிகள், கதவில் பித்தளைப் பலகை. பிரசவ வார்டில் கட்டில் போதாமல் வராண்டாவில் படுக்கவைத்த நாட்களிலும் அந்த அறையில் நாற்காலிக்குப் பஞ்சம் வந்ததில்லை.

கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணை எல்லோரும் புதுசு என்று கூப்பிட்டார்கள். பதினெட்டு வயது. இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அவளுக்குப் பயம் என்பது தனியாக வருகிற ஒன்றல்ல. காலையில் செருப்பு மாட்டும்போதே கூடச் சேர்ந்து கிளம்பிவிடும். லிஃப்ட் பயம், போன் அடித்தால் பயம், யாராவது "கொஞ்சம் இங்க வா" என்றாலும் பயம்.

இப்போது கூடுதலாக ஒரு பயம். அவளுடைய அக்கா அதே ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். குழந்தையின் நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் ஆபரேஷன்தான், ரத்தம் நிறையப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் ரத்தம் லேசில் கிடைக்காத வகை. அத்தான் எங்கெங்கோ அலைந்து, யார் யார் காலையோ பிடித்து, இரண்டு பை சேர்த்துக் கொண்டுவந்தார். அந்த இரண்டு பையும் ரத்த வங்கியின் புதுக் குளிர்பெட்டியில் இருந்தன.

குளிர்பெட்டியோடு ஒரு சின்ன மென்பொருளும் வந்திருந்தது. பெட்டிக்குள் சூடு எல்லையை நெருங்கினால் வராண்டாவில் இருக்கும் மணியை அடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ரத்த வங்கி டெக்னீஷியன் நேராகப் புதுசிடம் வந்தார்.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் போட்டுக் குடும்மா. ஆறு டிகிரி தாண்டினா ரத்தம் அவ்வளவுதான், கீழே கொட்ட வேண்டியதுதான். நானும் எத்தனை தடவைதான் கதவைத் திறந்து திறந்து பாக்கறது? பாக்கறதுக்காகத் திறந்தே சூடாக்கிடுவேன் போல."

"குழு சொல்லணுமேண்ணா."

"சொல்லட்டும். அதுவரைக்கும் ரத்தத்தைப் பொறுத்துக்கச் சொல்லவா?"

அவர் போய்விட்டார். புதுசு மென்பொருளைப் பார்த்தாள். போட ஐந்து நிமிஷம் ஆகாது. எங்கே போடுவது என்பதுதான் விஷயம்.

அந்த ஆஸ்பத்திரியின் பெரிய கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடியது. லினக்ஸுக்குள் எல்லாவற்றுக்கும் ஒரு பரண், ஒரு அலமாரி. வெளியே யாரோ செய்து கட்டி அனுப்பியதைக் கட்டுப் பிரிக்காமல் அப்படியே வைக்க ஆப்ட் என்று ஒரு இடம். நாமே நம் கையால் கொண்டுவந்து சேர்ப்பதற்கு யூசர் லோக்கல் என்று ஒரு இடம். வேலை செய்கிற ஒவ்வொருவரும் சொந்தச் சாமான் வைத்துக்கொள்ள ஹோம் என்று ஆளுக்கொரு மூலை. ஹோமில் எதையும் ஓட விடக்கூடாது என்பது விதி. மீறினால் வேலை போகும் என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்.

குழு கூடியது. தலைவர் ஒரு டாக்டர். நோயாளிகளைப் பார்ப்பதை விட்டு நிர்வாகத்துக்கு வந்தவர். அவருக்கு வலது பக்கம் ஆப்ட் சார், இடது பக்கம் லோக்கல் மேடம். அவர்களுடைய சொந்தப் பெயர்கள் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தன.

"முதல்ல ஒண்ணு தெளிவாகணும்," என்றார் தலைவர். "இது நம்ம புள்ளையா, வந்த புள்ளையா?"

"வந்த புள்ளைதான் சார்," என்றார் ஆப்ட் சார். "வெளியில ஒருத்தன் செஞ்சு பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கான். பிரிக்காம ஆப்ட்ல வைக்கணும். நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து எல்லாத்தையும் அங்கதான் வெச்சிட்டு வர்றேன். அதுல பாதி இன்னிக்கு வரைக்கும் ஓடினதில்ல. ஆனா எது எங்க இருக்குன்னு கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

லோக்கல் மேடம் மெதுவாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"செஞ்சது வெளியிலதான் சார். போடறது யாரு? நாம. நாம போட்டா அது லோக்கல். நானும் வெளியிலேர்ந்து கல்யாணம் ஆகி வந்தவதான். அதுக்காக என்னைப் பொட்டலம் பிரிக்காம வராண்டாவுலயா வெச்சாங்க?"

"அது உங்க வீட்டு விவகாரம்," என்றார் ஆப்ட் சார்.

"கொள்கை ஒண்ணுதான் சார்."

கதவோரம் நின்றிருந்த புதுசு வாயைத் திறந்தாள். "சார், ரத்தம் உள்ள இருக்கு சார். இப்போதைக்கு எங்கயாவது ஒரு இடத்துல போட்டுட்டு…"

தலைவர் அவளை வருத்தத்தோடு பார்த்தார். "எங்கயாவதுன்னு சொல்ற பாரு, அதைத் தடுக்கத்தான்மா நாங்க இருக்கோம். ஓடுதா ஓடலையாங்கறது சின்ன விஷயம். தப்பான இடத்துல ஒண்ணு நல்லா ஓடிடுச்சுன்னு வெச்சுக்க, அப்புறம் எங்களை யாரு கேப்பாங்க?"

இதை அவர் ரகசியமாகச் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பிலும் ஏற்றச் சொன்னார்.

நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று கூட்டம் கலைந்தது. அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, புதுசு அந்த மென்பொருளைத் தன் ஹோமில் போட்டு ஓட விட்டாள். போடும்போது இரண்டு முறை தப்பாகத் தட்டினாள். குழு முடிவு சொல்லும்வரைதான், சொன்னதும் எடுத்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அக்காவின் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றாள் அக்கா. "படுத்திருக்கிறது நானா, நீயா?"

புதுசு குனிந்து அவள் காதில் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"இப்ப அது ஓடுதா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன?"

"தப்பான இடத்துலேர்ந்து ஓடுதுக்கா. தெரிஞ்சா வேலை போயிடும்."

"வேலை போனா உங்க அத்தான் கடையில வந்து உக்காரு. என் ரத்தம் போனா நான் எந்தக் கடையில போய் உக்கார்றது?" அக்கா அவள் கையைத் தட்டினாள். "எடுத்துடாதே. எடுத்தே, பொறக்கப் போற புள்ளைக்கு உன்னைச் சித்தின்னு சொல்லித் தர மாட்டேன்."

குழு இடத்தைப் பார்வையிட வந்தது. கம்ப்யூட்டர் அறையில் தலைவர் குனிந்து, இரும்புப் பெட்டியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஆப்ட் எந்தப் பக்கம்?"

ஆப்ட் சாருக்கும் லோக்கல் மேடத்துக்கும், அது வெளியே தெரிகிற இடமல்ல என்பது தெரியும். ஆனால் தலைவர் குனிந்திருக்கும்போது மற்றவர்கள் நிமிர்ந்து நிற்கிற வழக்கம் அங்கே இல்லை. அவர்களும் குனிந்தார்கள்.

"கண்ணால பாக்க முடியாது சார்," என்றாள் புதுசு.

"பாக்காத இடத்துக்கு எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

மூன்று பேரும் குனிந்தபடி அவளையே பார்த்தார்கள். அவள் விரல் தானாக எழுந்தது. பெட்டியில் இருந்த இரண்டு ஓட்டைகளைக் காட்டினாள். "இது ஆப்ட் சார். அது லோக்கல்."

தலைவர் இரண்டு ஓட்டைக்கும் நேரே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "லோக்கல்ல கொஞ்சம் காத்தோட்டம் இருக்கு," என்றார். லோக்கல் மேடம் பெருமையோடு தலையசைத்தார். ஆப்ட் சார் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

லோக்கல் மேடம் ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. எந்த இடத்தில் மென்பொருள் இருக்கிறதோ, அதில் வருகிற கோளாறுக்கு அந்த இடத்தின் பொறுப்பாளரே பதில் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு காட்சியை அந்த அறை அதற்குமுன் பார்த்ததில்லை.

"யோசிச்சுப் பாத்தேன் சார்," என்றார் லோக்கல் மேடம். "சார் சீனியர். ஆப்ட்லயே இருக்கட்டும்."

"சேச்சே, அது எப்படி? மேடம் இடத்துலதான் காத்தோட்டம் இருக்கு," என்றார் ஆப்ட் சார். "தலைவரே கையை வெச்சுப் பாத்தது."

"உங்க அனுபவத்துக்கு முன்னாடி காத்தோட்டம் என்ன சார்."

"பெருந்தன்மை மேடம் உங்களுக்கு. என்னால ஏத்துக்க முடியல."

கடைசியில் யார் மனமும் நோகாத ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லினக்ஸில் லிங்க் என்று ஒன்று உண்டு. சாமான் இங்கே இல்லை, அங்கே போய்ப் பார் என்று சொல்லும் கைகாட்டி. ஆப்ட் சார், மென்பொருள் லோக்கலில் இருக்கிறது என்று ஆப்டில் ஒரு கைகாட்டி வைத்தார். லோக்கல் மேடம், அது ஆப்டில் இருக்கிறது என்று லோக்கலில் ஒரு கைகாட்டி வைத்தார். மென்பொருளை இருவருமே வைக்கவில்லை. தலைவர் ரிப்பன் வெட்டி, பட்டனைத் தட்டினார். கம்ப்யூட்டர் ஆப்டுக்குப் போய், அங்கிருந்து லோக்கலுக்குப் போய், மறுபடி ஆப்டுக்கு வந்து, மறுபடி லோக்கலுக்குப் போய், களைத்துப்போய், லிங்க் ரொம்ப அதிகம் என்று திரையில் சொன்னது. இன்னொரு கவுன்ட்டருக்குப் போகச் சொல்லி அனுப்பப்பட்ட நோயாளி யாராவது அங்கே இருந்திருந்தால் அதன்மேல் பரிதாபப்பட்டிருப்பார்.

"என்ன சொல்லுது?" என்றார் தலைவர்.

"அதிகம்னு சொல்லுது சார்," என்றார் ஆப்ட் சார்.

"அதிகம்னுதானே சொல்லுது. இல்லைன்னு சொல்லலையே. நல்லது."

கைதட்டினார்கள். புதுசும் தட்டினாள். ஹோமிலிருந்து எடுத்துவிடலாம் என்று அவள் வைத்திருந்த நாள் இதுதான். அவள் எடுக்கவில்லை. எடுக்க முடியாது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அடுத்த வாரத்தில் ஒரு மதியம் மணி அடித்தது. தரையைத் தேய்க்கிற மெஷினுக்கு பிளக் வேண்டும் என்று யாரோ குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். டெக்னீஷியன் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்து மாட்டினார். சூடு ஐந்தரையில் நின்று, திரும்பி இறங்கியது. ரத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

ஆஸ்பத்திரி முழுக்க அந்த மணியைப் பற்றித்தான் பேச்சு. அடித்தது ஆப்டின் மணிதான் என்று ஆப்ட் சார் கேன்டீனில் சொன்னார். லோக்கலின் மணி எப்போதுமே கணீரென்று அடிக்கும் என்று லோக்கல் மேடம் லிஃப்டில் சொன்னார். எந்த இடத்திலிருந்து அடித்ததோ அந்த இடத்துக்குப் பாராட்டுப் பலகை வைக்க வேண்டும் என்று தலைவர் விசாரணைக்கு உத்தரவிட்டார். ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் புதுசைக் குழு அறைக்குக் கூப்பிட்டார்கள்.

அவள் உள்ளே போனபோது திரையில் அவளுடைய ஹோம் திறந்திருந்தது.

"மணி இங்கேர்ந்துதான் அடிச்சிருக்கு," என்றார் தலைவர். குரலில் கோபம்கூட இல்லை; வீட்டில் பாம்பைப் பார்த்தவருடைய குரல். "ஹோம்லேர்ந்து."

"சார், வேற எங்கயும் அது…"

"அடிச்சது தப்பில்லம்மா. எங்கேர்ந்து அடிச்சதுங்கறதுதான். இன்னிக்கு மணி அடிக்கும். நாளைக்கு ஆளாளுக்கு அவங்கவங்க ஹோம்லேர்ந்து உபயோகமா ஏதாவது செய்ய ஆரம்பிச்சா, இந்தக் கட்டடம் என்னாகும்?"

"கட்டுக்கடங்காது சார்," என்றார் லோக்கல் மேடம்.

"ஒத்துமை போயிடும்," என்றார் ஆப்ட் சார். அந்த வாரத்தில் முதல் முறையாக இருவரும் ஒரே கருத்தாக இருந்தார்கள்.

தீர்மானம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. தலைவர் படித்தார். அனுமதியில்லாத இடத்திலிருந்து அடித்ததால் அந்த மணி அடிக்கவில்லை என்று கொள்ளப்படுகிறது. முறையான மணி அடிக்காத நிலையில், குளிர்பெட்டி சூடானபோது எச்சரிக்கை எதுவும் இருந்ததாகக் கருத இயலாது. ஆகவே அதில் உள்ள ரத்தத்தைப் பாதுகாப்பானது என்று சான்றளிக்க முடியாததால், அனைத்துப் பைகளையும் இன்று மாலைக்குள் அப்புறப்படுத்த வேண்டும்.

வேலை போகும் என்று நினைத்து வந்தவள் புதுசு. வேலையைப் பற்றி அந்தத் தாளில் இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை. கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் அக்கா மட்டும் கண்முன் வந்தாள்.

"சார்," என்றாள். குரல் யாருடையதோ போல வந்தது. "மணி அடிக்கலைன்னு நீங்களே போட்டுட்டீங்க."

"ஆமா."

"பெட்டி சூடாச்சுன்னு சொன்னது அந்த மணி மட்டும்தான் சார். மணியே அடிக்கலைன்னா, பெட்டி சூடாகவும் இல்ல. சூடாகலைன்னா ரத்தத்தை எதுக்கு சார் கொட்டணும்?"

ஆப்ட் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். லோக்கல் மேடம் தீர்மானத்தை முதலிலிருந்து மறுபடி படித்தார். தலைவரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"அதாவது," என்றார், "பிளக்கைப் பிடுங்கினவன் மேலயும் நடவடிக்கை எடுக்க வேண்டாம்."

"வேண்டாம் சார்."

"மேலிடத்துக்கும் எழுத வேண்டாம்."

"எதுவுமே நடக்கல சார்."

"எதுவுமே நடக்கல," என்று தலைவர் அனுபவித்துச் சொன்னார். "புதுசு, உனக்கு நிர்வாகம் நல்லா வரும்மா."

தீர்மானம் திருத்தப்பட்டது. குளிர்பெட்டி சூடாகவில்லை, ரத்தம் பெட்டியிலேயே இருக்கலாம். இனி யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதால், இக்குளிர்பெட்டி எக்காலத்திலும் சூடானதில்லை என்று ஒரு அட்டையில் அச்சடித்து, பெட்டியிலேயே தொங்கவிடும்படி உத்தரவானது. மதியத்துக்குப் பிறகு அடுத்த விஷயம்: புதுசின் ஹோமை அதில் உள்ளவற்றோடு சேர்த்து அழிப்பது, பிறகு அவளுடைய வேலை.

மதியத்துக்குப் பிறகு கூடினார்கள். புதுசுக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். ஹோமை அழிக்கும் அதிகாரம் ஆப்ட் சாருக்கா, லோக்கல் மேடத்துக்கா என்று பேச்சு ஆரம்பித்தது.

"ஆள் நம்ம ஆள். அதனால லோக்கல்," என்று லோக்கல் மேடம் சொல்லிக்கொண்டிருந்தபோது வராண்டாவில் மணி அடித்தது.

நல்ல சத்தமான மணி. கதவின் பித்தளைப் பலகைகூட அதிர்ந்தது. புதுசு தலைவரைப் பார்த்தாள். தலைவர் மேஜையைப் பார்த்தார். ஆப்ட் சார் பேனா மூடியைத் திருகினார். கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் எழுதுவதை நிறுத்தி, மணி அடிக்கவில்லை என்று காலையில் தானே எழுதியது நினைவுக்கு வந்து, மறுபடி எழுத ஆரம்பித்தார்.

"மேடம் மேல சொல்லுங்க," என்றார் தலைவர், குரலைச் சற்று உயர்த்தி.

"என்ன சொல்றேன்னா," என்று லோக்கல் மேடம் மணிக்கு மேலே கத்தினார், "ஆள் நம்ம ஆளுங்கறதால…"

"கேக்குது, கேக்குது," என்று தலைவரும் கத்தினார். "எல்லாம் தெளிவா கேக்குது."

"சார், மணி அடிக்குது," என்றாள் புதுசு.

நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள். பார்வையில் கண்டிப்பில்லை. கெஞ்சல்தான் இருந்தது. உட்கார்ந்தே இரும்மா, உனக்கும் நிர்வாகம் வரும் என்று சொல்கிற கெஞ்சல். எந்தப் பயமும் பாக்கியில்லாமல் எல்லாம் சேர்ந்து வந்தன. அவள் அவை எல்லாவற்றோடும் சேர்ந்தே எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஓடினாள்.

டெக்னீஷியன் வார்டில் யாருக்கோ ரத்தம் எடுக்கப் போயிருந்தார். ரத்த வங்கியில் யாரும் இல்லை. குளிர்பெட்டியின் முகப்பில் புது அட்டை தொங்கிக்கொண்டிருந்தது: இக்குளிர்பெட்டி எக்காலத்திலும் சூடானதில்லை. உத்தரவின்படி. அட்டை விழாமல் இருக்க தடித்த கயிறு போட்டு, கயிற்றைக் கதவின் மேல் விளிம்பு வழியாக உள்ளே விட்டு, உள்ளே இருந்த கம்பியில் கட்டியிருந்தார்கள். கதவு மூடியது போலத்தான் தெரிந்தது. கயிற்றின் பருமன் அளவுக்கு மூடவில்லை. சூடு ஐந்தே முக்கால் காட்டியது.

அவள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கதவைத் திறந்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, உத்தரவைத் தரையில் போட்டுக் கதவை அறைந்து சாத்தினாள்.

டெக்னீஷியன் மூச்சிரைக்க வந்து நின்றார். எண்ணைப் பார்த்தார். தரையில் கிடந்த அட்டையைப் பார்த்தார்.

"ஆறைத் தொட்டுச்சா?"

"தொடலண்ணா. பாத்துட்டேதான் இருந்தேன்."

"அப்ப பயமில்ல. நாளைக்குக் காலையில உங்க அக்காவுக்கு இதே பைதான்." அவர் அட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "திரும்ப மாட்ட வருவானுங்களே?"

"வரட்டும்ணா."

அவள் கதவின்மேல் முதுகைச் சாய்த்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முதுகில் பெட்டியின் உறுமல் தெரிந்தது. மேலே எண் ஐந்தரை ஆனது, ஐந்தேகால் ஆனது. மணி நின்றது.

நின்ற அமைதியில் அவளுடைய போன் அடித்தது. குழு அறை எண்தான். டெக்னீஷியன் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"உனக்குத்தாம்மா. அடிக்குது பாரு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேண்ணா," என்றாள் அவள்.